நடுநிசியில் ஒரு வீண் பிரயாணம்

வயது முதிர்ந்த தாயோ தகப்பனாரோ வீட்டில் இருக்கப் பெற்றவர்களுக்கு ஓர் அனுபவம் நிச்சயம் இருக்கும். எண்பது வயதைக் கடந்த பாட்டியார் தம்முடைய அறையில், தம்முடைய கட்டிலில், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பும் மூக்குக் கண்ணாடியும் இருக்க, ஒருவிதமாகக் காலத்தைத் தள்ளிக்கொண்டு வருவார். கலியாணத்தை முன்னிட்டோ, வேறு காரியத்தை முன்னிட்டோ, இரண்டு நாள் அவரை வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்தோமானால் போதும். திசை தெரியாமல் தவித்துப் போவார். இரவில் எழுந்து, கதவு என்று நினைத்துச் சுவரைத் தடவுவார். பெற்ற பிள்ளையையே பார்த்து, "நீ யாரப்பா?" என்று கேட்பார். பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகு நாலைந்து நாளில் தெளிவு ஏற்படும். சிலருக்கு அந்தத் தெளிவு முழுவதும் திரும்புவதேயில்லை.

உடம்பு நன்றாக இருக்கும்போது செய்யும் இடமாற்றமே இவ்வளவு பாடுபடுத்துமானால், ஜுரத்தோடு, நடுநிசியில், முன்பின் அறியாதவர்கள் தூக்கிச் செல்ல, கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளின் கீழே மணிக்கணக்காகக் கிடப்பது அந்த முதிய தேகத்தை என்ன பாடுபடுத்தும்? இந்தக் கேள்வியை மேல்நாட்டு வைத்தியர்கள் சிலர் கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் கண்ட விடை, முதியோரைப் பேணும் பொறுப்புள்ள எல்லோரும் தெரிந்துகொள்ளத் தக்கது. ஆதலால் அதை இங்கே சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

ஒரு ராத்திரி

ஐக்கிய அமெரிக்காவிலும், கனடாவிலும், இங்கிலாந்திலும் முதியோருக்கென்று நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் ஏராளமாக இருக்கின்றன. வேளாவேளைக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுப்பதோடு நின்றுவிடும் சத்திரங்கள் அல்ல அவை. தாமாகக் குளிக்கவும், உடுக்கவும், நடக்கவும் இயலாதவர்களே அங்கே பெரும்பாலும் வசிக்கிறார்கள். ஞாபக சக்தியை இழந்துவிட்டவர்கள் அவர்களில் அநேகர். இரவும் பகலும் பணிவிடை செய்யச் சிப்பந்திகள் உண்டு, நர்ஸுகள் உண்டு. டாக்டர் மட்டும் அங்கேயே இருப்பதில்லை. வாரத்தில் ஏதோ சில வேளைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில், ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். 86 வயதுள்ள மூதாட்டி ஒருவருக்கு உடம்பு கொதிக்கிறது, இருமல் இருக்கிறது, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இல்லை. இரவு முறை பார்க்கும் நர்ஸுக்கு அவரை அதிகம் பழக்கமில்லை. டாக்டருக்கு டெலிபோன் செய்கிறாள். எதிர்ப் பக்கத்தில் பேசுகிறவர் அன்றைய இரவுக்கு மாத்திரம் பொறுப்பேற்ற வேறொரு டாக்டர். அவர் அந்த மூதாட்டியைக் கண்ணால் கண்டதுமில்லை. "மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை? வழக்கமாக எப்படிப் பேசுவார்? என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்கிறார். நர்ஸ் தடுமாறுகிறாள். "சரி, எதற்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்" என்கிறார் டாக்டர். பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வண்டி வந்து நிற்கிறது.

இது கற்பனைதான், குறிப்பிட்ட ஒரு மூதாட்டியின் சரித்திரம் அல்ல. ஆனால் இந்தக் காட்சியில் யாராவது தப்பு செய்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். நர்ஸ் செய்தது தப்பா? இல்லை, தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டாள். டாக்டர் செய்தது தப்பா? பார்க்காத நோயாளிக்கு அவர் வேறு என்ன சொல்ல முடியும்? மறுநாள் காலையில் செய்தி அறிந்த மகனும், "நல்ல வேளை, உடனே அனுப்பினார்களே!" என்று ஆறுதல் கொள்கிறான். எல்லோரும் தத்தம் கடமையைச் செய்தார்கள். ஆயினும் நஷ்டம் அடைகிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் கட்டிலில் கிடக்கும் மூதாட்டி.

ஆஸ்பத்திரியில் என்ன நேர்கிறது?

ஆஸ்பத்திரி உயிரைக் காக்கும் இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆயுதம் எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவு ஜாக்கிரதையாக அதை எடுக்க வேண்டும் அல்லவா?

முதல் அபாயம், பெரியவர்கள் ஜன்னி என்று சொல்லும் சித்தக் கலக்கம். புதிய இடம், தூக்கமின்மை, ஜுரம், மருந்துகள் எல்லாம் சேர்ந்து முதியவர்களின் புத்தியைக் கலக்கிவிடுகின்றன. மறதி நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வந்துவிடுகிறது. கையில் ஏற்றியிருக்கும் ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள். கட்டிலிலிருந்து இறங்க முயன்று விழுவார்கள்.

இரண்டாவது அபாயம், படுக்கையே. நல்ல ஆரோக்கியமுள்ள முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து, அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். அதன் முடிவு 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களின் சதை ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்துவிட்டதாம்! அவர்களோ சராசரி 67 வயதுடைய திடகாத்திரர்கள். 86 வயதில், கைத்தாங்கலாக நாலடி நடந்துகொண்டிருந்த ஒருவர் பத்து நாள் படுத்திருந்தால், அந்த நாலடி நடையும் போய்விடும். அதன் பிறகு வருவது படுக்கைப் புண்.

மூன்றாவது அபாயத்தைப் பலர் உணர்வதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் டாக்டருக்கு அந்த நோயாளியின் வழக்கம் தெரியாது. புத்தி தடுமாறுகிறது என்றால் மூத்திரத்தைப் பரீட்சை செய்கிறார். கிருமி இருக்கிறது என்று விடை வருகிறது. உடனே ஆன்டிபயாடிக் மருந்து ஆரம்பமாகிறது. ஆனால் பராமரிப்பு இல்லங்களில் வசிக்கும் பெண்களில் 100-க்கு 25 முதல் 50 பேர் வரையில், எவ்வித நோயும் இல்லாமலே மூத்திரத்தில் கிருமி இருக்கத்தான் செய்கிறது. நோய்க்குறி இல்லாதபோது அதற்கு மருந்து கொடுப்பதால் நன்மை இல்லை என்பது வைத்திய நூலார் துணிந்த முடிவு. உண்மைக் காரணம் நாலு நாள் மலச்சிக்கலாக இருக்கலாம். சென்ற வாரம் புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரையாக இருக்கலாம். அதை அறிந்தவர், தினமும் அவரைக் குளிப்பாட்டிவிடும் பணிப்பெண். அவளோ ஆஸ்பத்திரியில் இல்லை.

அனுப்புவது எதனால்?

இப்படி அனுப்பப்படுகிறவர்களில் உண்மையில் அனுப்பியே தீரவேண்டியவர்கள் எத்தனை பேர்? ஜார்ஜியா மாகாணத்தில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 20 இல்லங்களிலிருந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 200 சம்பவங்களின் குறிப்புகளை எடுத்து, அனுபவம் வாய்ந்த வைத்தியர்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலித்தார்கள். அவற்றில் 134 சம்பவங்கள், அதாவது 100-க்கு 67, ஒருவேளை தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2010-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு கூறுகிறது.

அவர்கள் கண்ட காரணங்களில் வியாதியின் கடுமையைவிட வசதியின் குறைவுதான் மேலோங்கி நின்றது. டாக்டரோ, டாக்டருக்கு ஒப்பான பயிற்சி பெற்ற நர்ஸோ இல்லத்தில் கிடைப்பதில்லை. ரத்தப் பரீட்சையின் முடிவு சமயத்துக்கு வருவதில்லை. நரம்பு வழியாக நீர் ஏற்ற ஏற்பாடு இல்லை. உடம்பில் நேர்ந்த மாறுதலை உள்ளபடி கவனித்துச் சொல்வதில் குறை இருக்கிறது. இன்னொன்று: ஆஸ்பத்திரிக்குப் போவதால் இவருக்கு நன்மை உண்டா என்ற கேள்வியை எவரும் கேட்கவேயில்லை.

இவற்றோடு பண விஷயமும் கலந்திருக்கிறது. அமெரிக்காவில், நீண்டகாலம் இல்லத்தில் வசிக்கும் வசதியற்ற முதியோரின் செலவை மெடிக்கெய்ட் என்ற திட்டம் ஏற்கிறது; ஆஸ்பத்திரிச் செலவை மெடிக்கேர் என்ற வேறொரு திட்டம் ஏற்கிறது. இல்லத்திலேயே வைத்துச் சிகிச்சை செய்தால் செலவும் சிரமமும் இல்லத்துக்கு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் செலவு வேறொருவருக்கு. வேடிக்கை இதோடு முடியவில்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பும் நோயாளிக்கு, சிறப்புப் பராமரிப்பு தேவை என்ற பேரில் மெடிக்கேர் அதிகத் தொகை கொடுக்கும். ஆக, அனுப்பினால் லாபம்; வைத்திருந்தால் நஷ்டம். தராசு இப்படிச் சாய்ந்திருக்கும்போது முதியோருக்கு நியாயம் எப்படிக் கிடைக்கும்?

ஹாமில்டன் நகரத்துப் பரீட்சை

"அனுப்பாமல் வைத்திருந்து, உயிர் போய்விட்டால்?" என்று வாசகர்கள் கேட்கலாம். இது மிகவும் நியாயமான அச்சம். ஊகத்தினால் இதற்கு விடை சொல்ல முடியாது. பரீட்சை செய்துதான் பார்க்கவேண்டும். அப்படி ஒரு பரீட்சை, கனடா தேசத்தில் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த ஹாமில்டன் நகரத்துப் பக்கம், 2001 முதல் 2005 வரையில் நடந்தது.

22 இல்லங்களை எடுத்துக்கொண்டார்கள். நிமோனியா முதலிய சுவாசத் தொற்று கண்ட 680 முதியோர் இந்தப் பரீட்சையில் சேர்ந்தனர். பாதி இல்லங்களில் வழக்கம் போலவே வைத்தியம் நடந்தது. மற்றப் பாதியில், நோயாளி உண்ணவும் பருகவும் முடிகிறதா, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் பிராணவாயு ஆகியவை அபாய எல்லைக்குள் போகாமல் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தார்கள். சரியாக இருந்தால், எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவியை இல்லத்துக்கே கொண்டுவந்தார்கள். வாய் வழியாக மருந்து, வேண்டுமானால் நீர் ஏற்றுதல், பிராணவாயு, அடிக்கடி நர்ஸின் மேற்பார்வை ஆகிய எல்லாம் இருந்த இடத்திலேயே கிடைத்தன. அபாயக் குறி தோன்றியவர்களை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

முடிவு 2006-இல் வெளியாயிற்று. வழக்கமான முறையில் 100-க்கு 22 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புதிய முறையில் 10 பேர்தான் போனார்கள். மரண விகிதத்திலோ வாழ்க்கை நலத்திலோ இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத் தக்க வித்தியாசம் இல்லை. செலவோ, ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய 1,000 அமெரிக்க டாலர் மிச்சம். முதியோருக்குக் கெடுதல் நேராமல், ஆஸ்பத்திரிப் பிரயாணத்தைப் பாதிக்கு மேல் குறைக்க முடியும் என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

பன்னிரண்டு குறிகள்

இரண்டு மணிக்கு ஜுரம் கொதித்த பிறகு யோசிப்பதைவிட, இரண்டு நாளைக்கு முன்பே கண்டுகொண்டால் என்ன? அமெரிக்காவில் டாக்டர் ஜோசப் ஆஸ்லாண்டர் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் 'இன்டராக்ட்' என்ற பெயரில் ஒரு முறையை வகுத்தார்கள். அதில் மிகவும் எளிதான கருவி ஒரு சிறு காகிதம். அது டாக்டருக்கானதல்ல, குளிப்பாட்டி, உணவூட்டி, துணி மாற்றும் சாதாரணப் பணிப்பெண்ணுக்கானது.

அந்தக் காகிதத்தில் பன்னிரண்டு குறிகள் இருக்கின்றன. இவர் வழக்கம் போல் இல்லாமல் ஏதோ மாறுதலாகத் தோன்றுகிறாரா? பேச்சு குறைந்திருக்கிறதா? எதற்கும் முன்னைவிட அதிக உதவி வேண்டியிருக்கிறதா? எங்காவது வலி உண்டா? உணவு குறைந்ததா? மூன்று நாள் மலம் கழியாமலோ, பேதியாகவோ இருக்கிறதா? தண்ணீர் குடிப்பது குறைந்ததா? எடை மாறியதா? பரபரப்பு காணப்படுகிறதா? சோர்வோ தூக்கமோ குழப்பமோ மிஞ்சியிருக்கிறதா? தோலின் நிறம் மாறியதா? நடக்கவும் எழவும் முன்னைவிடக் கைத்தாங்கல் வேண்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்று கண்டாலும் வட்டமிட்டு நர்ஸிடம் கொடுத்துவிட வேண்டும். நர்ஸ் உடனே வந்து பார்க்க வேண்டும்.

நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது. "குழந்தை முகம் வாடியிருக்கிறது, இன்றைக்குக் கவனித்துக்கொள்" என்று அவர்கள் சொல்வதும் இதே சாஸ்திரந்தான். ஆனால் பெரிய ஸ்தாபனங்களில், மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் பணிப்பெண் கண்டதற்கு மதிப்பில்லாமல் போய்விடுகிறது. அவளுடைய வார்த்தையைக் காகிதத்தில் ஏற்றி, அதற்கு ஓர் அதிகாரம் கொடுத்ததுதான் இந்த முறையின் சிறப்பு. டாக்டருடன் டெலிபோனில் பேசுமுன் நர்ஸ் என்னென்ன பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு காகிதம் உண்டு: இப்போது என்ன நேர்ந்திருக்கிறது, இவருடைய பழைய சரித்திரம் என்ன, என் அபிப்பிராயம் என்ன, உங்களிடம் நான் வேண்டுவது என்ன. இந்த நான்கையும் நர்ஸ் தயாராக வைத்திருந்தால், நாம் முதலில் கண்ட காட்சியில் டாக்டரின் பதிலே வேறாக இருந்திருக்கும்.

காகிதம் மட்டும் போதாது

இந்த முறையை மூன்று மாகாணங்களில் 25 இல்லங்கள் ஆறு மாதம் கைக்கொண்டன. 2011-இல் வெளியான அதன் பலன்: ஆஸ்பத்திரியில் சேர்ப்பது 100-க்கு 17 பங்கு குறைந்தது. கவனிக்கத் தக்க விஷயம் இன்னொன்றும் உண்டு. முழுமனத்துடன் ஈடுபட்ட 17 இல்லங்களில் 24 பங்கு குறைந்தது. அரைமனத்துடன் செய்த 8 இல்லங்களில் 6 பங்குதான் குறைந்தது.

பிறகு 85 இல்லங்களைக் கொண்டு, சீட்டுக் குலுக்கிப் பிரித்ததற்கு ஒப்பான முறையில், பெரிய பரீட்சை ஒன்று நடத்தினார்கள். 2017-இல் முடிவு வெளியாயிற்று. பயிற்சியும் காகிதங்களும் பெற்ற இல்லங்களுக்கும், பெறாத இல்லங்களுக்கும் ஆஸ்பத்திரிக் கணக்கில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது! இந்தத் தோல்வியை மூடி மறைக்காமல் வெளியிட்டவர்களை நாம் பாராட்டவேண்டும். வெற்றியைவிட இதிலிருந்துதான் அதிகப் பாடம் கிடைக்கிறது. நல்ல காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டால், காரியம் தானாக நடந்துவிடாது. அதை நடத்த மனிதர் வேண்டும்.

மனிதரைக் கொடுத்துப் பார்த்த இடம் மிஸ்ஸௌரி மாகாணம். 2012-இல் அமெரிக்க சர்க்கார் ஏழு இடங்களில் ஒரு பெரிய முயற்சியைத் தொடங்கினார்கள். அவற்றுள் ஒன்றான மிஸ்ஸௌரியில், செயின்ட் லூயிஸ் நகரத்துப் பக்கத்தில் 16 இல்லங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் உயர்தரப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரை முழு நேரமும் அங்கேயே இருக்கும்படி நியமித்தார்கள். அவருக்கு நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியும். நோயை மதிப்பிடவும் தெரியும். ஏழு இடங்களிலும் சிறந்த பலன் கண்டவற்றில் மிஸ்ஸௌரி முன்னணியில் நின்றது. 2016 முதல் 2020 வரையில் நடந்த இரண்டாவது கட்டத்தில், நிமோனியா, மூத்திரத் தொற்று, இருதயத் தளர்ச்சி, நீர் வற்றுதல், தோல் தொற்று, சுவாசகாசம் போன்ற ஆறு வகை நோய்களை இல்லத்திலேயே வைத்துப் பார்த்தால் தனிக் கூலி உண்டு என்று அறிவித்தார்கள். பணத்தால் மட்டும் மேற்கொண்டு பலன் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. நோயாளியை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதற்கு ஈடு, பணமுமில்லை, காகிதமுமில்லை.

அவருடைய விருப்பம் என்ன?

இதுவரை நாம் வியாதியைப் பற்றியே பேசினோம். வியாதியஸ்தருடைய மனத்தைப் பற்றிப் பேசவில்லை. தொண்ணூறு வயதில், வாழ்க்கையின் கடைசிப் படியில் நிற்கும் ஒருவர், "எனக்கு என்ன வந்தாலும் இந்த அறையிலேயே இருக்கிறேன், வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்" என்று எண்ணலாம். இன்னொருவர், "என்னால் முடிந்தவரையில் போராடிப் பார்க்கவேண்டும்" என்று எண்ணலாம். இரண்டும் கௌரவிக்கத் தக்கவையே. ஆனால் அவர் புத்தி தெளிவாக இருக்கும்போதே யாராவது கேட்டிருந்தால் அல்லவா தெரியும்?

ஒன்டாரியோ மாகாணத்திலேயே ஆறு இல்லங்களில் இதைப் பரீட்சித்தார்கள். மூன்று இல்லங்களில், தமக்கு எவ்விதச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முதியோரும் குடும்பத்தாரும் நன்கு தெரிந்துகொண்டு முன்கூட்டியே எழுதிவைக்க ஏற்பாடு செய்தார்கள். மற்ற மூன்றில் வழக்கப்படியே விட்டார்கள். 2000-இல் வெளியான முடிவின்படி, ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கமான இல்லங்களில் ஒருவருக்கு 0.48 முறையாகவும், எழுதிவைத்த இல்லங்களில் 0.27 முறையாகவும் இருந்தது. மரணக் கணக்கு கூடவில்லை.

கேளாமல் விட்டால் நேர்வது என்ன என்பதற்கும் அமெரிக்காவில் கணக்கு உண்டு. முற்றிய மறதி நோயோடு இல்லங்களில் இருந்து காலமான ஏறக்குறைய 4,75,000 பேருடைய கடைசி மாதங்களை ஆராய்ந்து, 2011-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 100-க்கு 19 பேர், கடைசி நாட்களில் அங்குமிங்குமாக, பயனின்றித் துன்பந்தரும் வகையில் மாற்றப்பட்டிருந்தார்கள். அலாஸ்காவில் இது 100-க்கு சுமார் 2. லூயிஸியானாவில் 37-க்கு மேல். நோய் ஒன்றுதான், மனித தேகமும் ஒன்றுதான். ஊருக்கு ஊர் இவ்வளவு பேதம் இருப்பானேன்? முடிவு செய்தது நோய் அல்ல, ஊர் வழக்கம் என்பது இதனால் தெளிவாகவில்லையா?

போயே தீரவேண்டிய சமயங்கள்

இதை வாசித்துவிட்டு, "முதியவர்களை ஆஸ்பத்திரிக்கே அனுப்பக் கூடாது" என்று யாராவது அர்த்தம் செய்துகொண்டால், அது பெரும் பிழையாகும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் போயே தீரவேண்டும். இயன்றவரை சீக்கிரம் ரண சிகிச்சை செய்வதே வலியிலிருந்து விடுதலை தரும். வாய் கோணி, ஒரு பக்கம் கை விழுந்தால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது; மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே பொதுவான எல்லை. ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டாலும், மார்பு வலி கண்டாலும், ரத்தப் போக்கு நிற்காவிட்டாலும், அடக்க முடியாத வலி இருந்தாலும் தாமதம் கூடாது. முன்கூட்டி எழுதிவைத்த விருப்பம் வேறாக இருந்தாலொழிய, இவையெல்லாம் அவசியப் பிரயாணங்கள்.

அன்றியும், 'அனுப்பாதே' என்ற சொல் கஞ்சத்தனத்துக்கும் கவனக் குறைவுக்கும் போர்வையாகிவிடக் கூடாது. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது, ஒன்டாரியோ மாகாணத்தில் சிப்பந்திகள் இல்லாமல் தத்தளித்த ஐந்து இல்லங்களுக்குக் கனடா ராணுவத்தார் உதவிக்குச் சென்றார்கள். கூப்பிட்டவர்களுக்குப் பதில் கொடுப்பாரின்றியும், உணவும் நீரும் சரிவரக் கிட்டாமலும், அசுத்தத்திலேயே முதியோர் கிடந்ததை அவர்கள் தங்கள் அறிக்கையில் எழுதினார்கள். ஹாமில்டன் பரீட்சை நடந்த அதே மாகாணத்தில்தான் இது நிகழ்ந்தது. இருந்த இடத்தில் சிகிச்சை செய்வது வேறு. இருந்த இடத்தில் கைவிடுவது வேறு. முன்னதற்கு அதிக ஆட்கள் வேண்டும், குறைவான ஆட்கள் போதாது.

போகவேண்டியவர்கள் போகும்போதும் ஒழுங்காகப் போகவேண்டும். லண்டனில் ஸட்டன் என்ற பகுதியில் 2015-இல் ஓர் எளிய ஏற்பாடு தோன்றியது. இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவருடன் சிவப்புப் பை ஒன்றும் போகும். அதில் நோய் விவரமும் மருந்துகளும் இருக்கும்; மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட்டு, திரும்பி வரும்போது உடுத்த மாற்று உடை எல்லாம் இருக்கும். கண்ணாடியும் காதுக் கருவியும் இல்லாத முதியவரைப் பார்த்து, "புத்தி சரியில்லை" என்று முடிவு கட்டுவது எவ்வளவு சுலபம்! ஒரு பை அந்த அநியாயத்தைத் தடுத்துவிடுகிறது.

நம் குடும்பங்களுக்கு

இவையெல்லாம் கடல் கடந்த தேசத்துச் செய்திகள்தாமே என்று இருந்துவிடுவதற்கில்லை. ஒன்டாரியோவின் டொராண்டோ நகரத்தில் நம்மவர்கள் பெருந்தொகையாகக் குடியேறி, அவர்களுடைய பெற்றோர் அங்கேயே மூப்படைந்து வருகிறார்கள். இங்கே சென்னையிலும் கோயம்புத்தூரிலும் முதியோர் குடியிருப்புகள் பல ஏற்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் தூர தேசத்தில், பெற்றோர் இங்கே. நடுநிசி டெலிபோன் நமக்கும் வரக்கூடியதே.

ஆதலால் பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்க்குமுன், தோட்டம் எவ்வளவு அழகு, சாப்பாடு எவ்வளவு ருசி என்பவற்றோடு, வேறு சில கேள்விகளையும் கேட்கவேண்டும். இரவில் பொறுப்பாக இருக்கும் நர்ஸ் யார்? டாக்டர் எத்தனை நாளுக்கொரு முறை வருவார்? இரவில் கூப்பிட்டால் பேசுகிறவருக்கு எங்கள் தாயாரைத் தெரியுமா? பிராணவாயு கொடுக்கவும், நீர் ஏற்றவும், ரத்தப் பரீட்சை செய்யவும் இங்கேயே வசதி உண்டா? அவருடைய வழக்கங்களை எழுதிவைத்திருக்கிறீர்களா? பணிப்பெண்கள் மாதத்துக்கு மாதம் மாறுகிறார்களா, நிலையாக இருக்கிறார்களா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், எந்த ஜுரத்துக்கும் ஆம்புலன்ஸ் வண்டிதான் பதிலாக வரும்.

அடுத்தபடியாக, பெற்றோரிடமே கேட்கவேண்டும். இதைக் கேட்பது அபசகுனம் என்று நம்மில் பலர் கூசுகிறோம். கேட்காமல் விட்டால், ஒன்றும் அறியாத ஒருவர் அவசரத்தில் அவருக்காக முடிவு செய்துவிடுவார். அது எவ்வகையில் சுப சகுனம்? இந்திய சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2018 மார்ச் 9-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், மீளமுடியாத நிலை ஏற்பட்டால் எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டார்கள். அதற்குரிய நடைமுறை மிகவும் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24-ஆம் தேதி அதை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி ஒருவரோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரோ அத்தாட்சி செய்தால் போதும். சட்டக் காகிதம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு மாலை வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, உனக்கு எது இஷ்டம்?" என்று கேட்பதற்கு எந்த நோட்டரியும் தேவையில்லை.

நாம் ஆரம்பத்தில் பார்த்த மூதாட்டியிடம் திரும்புவோம். சனிக்கிழமை இரவுக்குப் பதிலாக வியாழக்கிழமை காலையிலேயே, "பாட்டி இன்றைக்குக் காப்பியை முழுவதும் குடிக்கவில்லை" என்று பணிப்பெண் சொல்லியிருக்கிறாள். நர்ஸ் வந்து பார்த்தாள். டாக்டருக்கு விவரம் தெளிவாகச் சென்றது. அன்று மாலையே மருந்து தொடங்கிற்று. சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு அந்த அறையில் விளக்கு எரியவில்லை. மூதாட்டி தம் கட்டிலில், தம் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறார். கைக்கெட்டும் தூரத்தில் மூக்குக் கண்ணாடி இருக்கிறது. ஆம்புலன்ஸ் வண்டி, அது உண்மையிலேயே வேண்டியிருக்கும் வேறொருவருக்காகக் காத்து நிற்கிறது.